விழாவுக்குப் போன ஆம்புலன்ஸ்

என் செல்ல மகளுக்கு,

நீ இளம் தலைவர் விருது வாங்கிப் பேசின வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரி காட்டினா. ஆம்புலன்ஸ் வராம அம்மா செத்ததாலதான் இலவச ஆம்புலன்ஸ் நடத்துறியாமே. நான் செத்த இடத்துல அரங்கமே எழுந்து கைதட்டுச்சு. எனக்கே கண் கலங்கிடுச்சு, போ.

எனக்கு மூட்டு வலிதான், வேற குறையில்ல.

விழா நடந்த அதே சாயங்காலம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. உன் ஆம்புலன்ஸுக்குத்தான் போன் போட்டேன். "வண்டியை விழா வாசல்ல பார்வைக்கு நிறுத்தியிருக்கோம்மா"ன்னு மரியாதையாச் சொன்னாங்க. அப்புறம் உனக்குப் போட்டேன். "அம்மா பேசறேன்"னேன். "மேடத்துக்கு அம்மா இல்லையே"ன்னு உன் உதவியாளர் பொண்ணு போனை வச்சுட்டா.

அப்பாவை அடக்கம் பண்ணி நாலு நாளாச்சு.

அடுத்த மேடையில அம்மாவை எடுத்துட்டு அப்பாவைப் போட்டுக்கோ. மத்த பேச்சை மாத்த வேணாம், இப்ப எல்லாம் நிஜம்தான்.

மேடையில செத்துப்போன
உன் அம்மா