பாரமில்லாத உடுப்பு

சாய்ந்தமருது,
2009.10.25

அன்புத் தங்கச்சி முனவ்வறாவுக்கு ராத்தா சுபைறா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அந்த வெயிலிலும் வேலையிலும் உன்னை நாயன் சுகத்தோடு வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறேன்.

அடுத்த வளவுப் பிள்ளை லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ அழத் தொடங்கினால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அழாதே அழாதே என்று சொல்லியே போனை வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தனியாக இருந்து படி. இதில் நம் பெண்களின் உடுப்புச் சமாச்சாரமும் இருக்கிறது.

அஸ்னா தண்ணீரில் இறங்குகிறாளாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு நீ போன் எடுத்தாயே, "ராத்தா, இவளையாவது தண்ணிக்கு விட்டுராதீங்க" என்று. நான் அழாதே என்று மட்டும்தான் சொன்னேன். மறிக்கிறேன் என்று சொல்லவில்லை. இப்போது நேராகவே சொல்கிறேன், முனவ்வறா. உன் மகள் நீந்தப் பழகிவிட்டாள். நன்றாகவே நீந்துகிறாள்.

சண்டை முடிந்த பிறகு அக்கரைப்பற்று ரோட்டில் ஆமிக்காரர் முன்போல மறிப்பதில்லை. தம்பிலுவில் களப்பின் அலையில்லாத தண்ணீரில் பெண்களுக்கு மட்டும் நீச்சல் பழக்குகிறோம், தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து வரலாம் என்று ஓர் அமைப்பு அஸ்னாவின் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லியிருக்கிறது. சுனாமிக் கடல் வந்த நாளில் ஆண்களைவிடப் பெண்கள்தான் கூடுதலாக மவுத்தானார்கள், நீந்தத் தெரியாததும் உடுத்திருந்த உடுப்பு இழுத்ததும்தான் காரணம் என்றும் விளக்கியிருக்கிறார்கள். நம் உம்மாவை எந்த வேலிக் கம்பியில் எப்படிக் கண்டெடுத்தோம் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். சாரியை அவிழ்க்கவே முடியவில்லையே.

அஸ்னா வீட்டுக்கு வந்து, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல், "பெரியும்மா, நான் போய்ப் பழகப்போறன்" என்றாள். மாரியில் முற்றத்தில் தண்ணீர் தேங்கினாலே கட்டிலில் ஏறி இருக்கிற பிள்ளை அவள். அவளாகக் கேட்கிறாள். நான் எப்படி மறிப்பேன்? உன் மச்சான் கொஞ்சம் யோசித்தார். குமருப் பிள்ளை, ஊர் என்ன கதைக்கும் என்றார். பிறகு அவரே, "நீயும் கூடப் போ. ரெண்டு பேரும் பழகினா ஒருத்தரும் ஒண்டும் கதைக்க மாட்டாங்க" என்று முடித்துவிட்டார். இந்த வயதில் உன் ராத்தா வாகனம் ஏறி நீச்சல் பழகப் போன கதை இதுதான். சிரிக்காதே.

களப்பின் ஒரு பக்கத்தை உயரமாகத் தென்னங்கிடுகால் அடைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தோணிகூட அந்தப் பக்கம் வராது. பழக்குகிறவள் கஜனி என்று தம்பிலுவில் பிள்ளை, முப்பது வயது வரும். வன்னிக்குப் போன தமையன் என்ன ஆனார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் அதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளுக்கு வேறு ஒரு நினைப்பும் இருக்காது.

வெளியே போடுவதற்கு நீளக் காற்சட்டை, கை நீண்ட சட்டை, தலைக்கு இறுக்கமான முக்காடு எல்லாம் அமைப்பே தந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே என்ன போடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் போடுவதையே போட்டுக்கொண்டு இறங்கினோம்.

அஸ்னா முதல் கிழமைகளில் எல்லோரையும்விடக் கெதியாகப் பழகினாள். திடீரென்று வயிறு நோகுது, தலை சுத்துது என்று வகுப்புள்ள ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சாட்டுச் சொல்லத் தொடங்கினாள். பயம் திரும்பிவிட்டது போல என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் அவளுடைய உடுப்பைத் தோய்க்க எடுத்தபோது பிராவின் பட்டியில் இரத்தக் கறை. கூப்பிட்டுக் கழற்றிப் பார்த்தேன். கக்கத்துக்குக் கீழும் தொடையிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. முதுகில் கொக்கி குத்தின அடையாளம். நான் தடவி எண்ணெய் பூசும்போதுதான் வாயைத் திறந்தாள். பருத்தி உடுப்பு தண்ணீரைக் குடித்துப் பாரமாகிக் கீழே இறங்குகிறதாம், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நீந்த வேண்டியிருக்கிறதாம். அதைவிட இன்னொன்று சொன்னாள்: "உடுப்பு கீழ இழுக்கக்குள்ள, பெரியும்மா, கடல் வந்த அண்டைக்கு இழுத்த மாதிரியே இரிக்கி."



அடுத்த நாளே கல்முனைக்குப் போனேன். காலிதீன் ஹாஜியாரின் கடை உனக்குத் தெரியும்தானே. அவரே முன்னால் வந்து, "என்ன வேணும் தங்கச்சி?" என்று மரியாதையாகக் கேட்டார். நம் வாப்பாவோடு பள்ளிக்குத் தொழப் போன மனிசன். அவரிடம் எப்படி அளவைச் சொல்வது? வெட்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒன்றை விரலால் காட்டிவிட்டு, பிள்ளை வளர்கிறாள்தானே என்று ஓர் அளவு பெரிதாகவும் கேட்டு, கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். வீட்டில் விரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் லேஸ், நடுவில் ஒரு பூ.

அதைக் கஜனியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். "அக்கா, இது கலியாண வீட்டுக்குப் போடுறது" என்றாள். அவள் முன்பு கட்டுநாயக்காவில் காமன்ட் ஒன்றில் தைத்தவளாம். "வெள்ளக்காரப் பொம்புளையள் ஓடுறதுக்கும் பாயுறதுக்கும் எண்டு நாள் முழுக்கத் தைச்ச நாங்க. எங்கட புள்ளையள் ஒருத்தரும் அதப் போட்டு நான் பாக்கல்ல" என்று சொன்னாள். அந்த மாதிரி உடுப்பு, கம்பெனிப் பெயர்த் துண்டு மட்டும் வெட்டப்பட்டு, மூட்டையாக நம் பக்கமும் வருகிறதாம். அக்கரைப்பற்றில் சபியா உம்மா என்பவர் வீட்டிலேயே வைத்துப் பெண்களுக்கு மட்டும் விற்கிறார் என்று விசாரித்து, வகுப்பு முடிந்த கையோடு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

சபியா உம்மா வாசல் கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, மூட்டையை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டிவிட்டு, "ஆறுதலா போட்டுப் பாருங்க கா" என்றார். அதைப்போல ஒரு பகல் எங்களுக்கு எத்தனையோ வருடமாக வாய்க்கவில்லை, முனவ்வறா. கஜனி அளவு நாடாவால் மார்புக்குக் கீழே ஒரு தரம், மேலே ஒரு தரம் அளந்தாள். பாரத்தைத் தூக்க வேண்டியது கீழ்ப் பட்டிதான், தோள் இல்லை என்றாள். அதனால் பட்டி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூச்சு முட்டக் கூடாது. பெரிதாக எடுத்தால் வளர்ந்த பிறகு சரிவரும் என்பது சட்டைக்குத்தானாம், இதற்கு இல்லையாம். கொக்கி வேண்டாம், தோள்பட்டி அகலமாக இருக்கட்டும். உள்பக்கத்தைத் திருப்பி, தையலைக் கன்னத்தில் உரசிப் பார்க்கச் சொன்னாள். கன்னத்துக்கு உறுத்தினால் அது தொடையையும் உரிக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து ஒரு பிழி பிழிந்து காட்டினாள். பருத்தி சொட்டிக்கொண்டே இருந்தது, அந்த இழுபடும் துணி கொஞ்ச நேரத்தில் காய்ந்த மாதிரி ஆகிவிட்டது. கீழே போடுவதற்குத் தொடை பாதி வரைக்கும் வருகிற ஒட்டின காற்சட்டையைத் தெரிந்தெடுத்தாள். ஓடினாலும் நடந்தாலும் தொடைக்குத் தொடை உரசாது.

அஸ்னா ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கஜனி விடவில்லை. கையைத் தூக்கு, குனி, துள்ளு, கையைச் சுற்று என்றாள். கையைத் தூக்கும்போது பட்டி மேலே ஏறினால், "கழட்டு, இது சரிவராது." கடைசியாக ஒன்று கிடைத்தது. கறுப்பு நிறம். அதைப் போட்டுக்கொண்டு உன் மகள் அந்த அறைக்குள் துள்ளினாள் பார், கட்டிலைச் சுற்றி ஓடினாள், இரண்டு கையையும் காற்றாடி மாதிரிச் சுழற்றினாள். "பெரியும்மா, ஒண்டும் போடாத மாதிரி இரிக்கி!" என்று கத்தினாள். சபியா உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் உடம்பைப் பார்த்துக் கூசாமல் அவள் நின்றது அன்றைக்குத்தான்.

எனக்கும் ஒரு சோடி எடுத்தேன். முதலில் வேண்டாம் என்றேன், கஜனி விடவில்லை. இப்போது பிரஷருக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதற்கும் அதைத்தான் போடுகிறேன். அபாயாவுக்குள்ளே என்ன போட்டிருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? தெரு முனை வரைக்கும் நடந்தாலே இளைக்கிற நான், வயற்பக்கம் போய்த் திரும்பி வருகிறேன்.

நோன்புக்கு வகுப்பை நிறுத்தினார்கள். பெருநாள் முடிந்து திரும்பவும் போனோம். அதன்பிறகு அவள் ஒரு சனிக்கிழமைகூடச் சாட்டுச் சொல்லவில்லை.

நேற்றுத்தான் கடைசி நாள். தண்ணீரில் தத்தளிக்கிற ஒருவரைக் கரைக்கு இழுத்து வர வேண்டும், அதுதான் சோதனை. அஸ்னாவின் முறை வந்தபோது, "நான் பெரியும்மாவத்தான் எடுப்பன்" என்று சொல்லிவிட்டாள். என் பாரத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கால் எட்டாத இடத்தில், கட்டியிருந்த தோணியைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். கஜனி கையை விடுங்கோ அக்கா என்றாள். விட்டேன். முனவ்வறா, எத்தனை பழகியிருந்தாலும் அந்த ஒரு கணம் எனக்குக் கலிமாதான் வாயில் வந்தது. வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது, கையைக் காலை அடித்தேன், நடிக்கவில்லை.

பின்னால் இருந்து ஒரு கை என் நாடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்கு மேல் தூக்கியது. காதோடு அவளுடைய மூச்சு. "பெரியும்மா, அடிக்காதீங்க. உடம்ப லேசா விடுங்க. நான் புடிச்சிரிக்கன்." கத்தவில்லை, பதறவில்லை, குழந்தைக்குச் சொல்வதைப்போலச் சொன்னாள். நான் உடம்பை விட்டேன். காது தண்ணீருக்குள் இருந்ததால் ஒரு சத்தமும் இல்லை. வானம் மட்டும் தெரிந்தது. அந்தச் சின்னக் கால்கள் எனக்குக் கீழே அடித்துக்கொண்டே இருந்தன. முதுகில் மணல் பட்டபோதுதான் கரை வந்தது தெரிந்தது. தமிழ்ப் பெண்களும் நம் பெண்களும் கை தட்டினார்கள். அவள் எழும்பி நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முதலில் என்னிடம் கேட்டது, "உங்களுக்கு நொந்ததா?" என்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் உன் மச்சான் கதவடியில் நின்று, "என்ன, ரெண்டு மீனும் வந்திட்டுதா?" என்று கேட்டார். முகத்தில் இருந்த பெருமையை மறைக்க அவருக்கு முடியவில்லை. இன்றைக்குக் காலையில் பள்ளியடியில் நாலு பேருக்காவது சொல்லியிருப்பார்.

நேற்றிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதமே. களப்புத் தண்ணீர், அலை இல்லை, ஓட்டம் இல்லை. பழகின பிள்ளை, சரியான உடுப்பு, பக்கத்தில் கஜனி. அப்படியிருந்தும் கரைக்கு வந்த பிறகு அவளுடைய கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீரில் ஓர் உடம்பைப் பிடித்துக்கொள்வது அவ்வளவு பெலன் கேட்கிற வேலை. கடலில், அந்தக் கடலில், பழகாத எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. ஒருவராலும் முடியாது, முனவ்வறா. இதை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. தண்ணீருக்குள் கிடந்து அறிந்து எழுதுகிறேன்.

உன் அக்ரிமென்ட் தையோடு முடிகிறது என்று அஸ்னா சொன்னாள். இந்த முறை நீட்டாதே. அன்றைக்கு உன் கையிலிருந்து உன் மகன் றினாஸ் போன பிறகு நீ இந்த மண்ணைக் கண்ணால் பார்க்கவில்லை. கடற்கரைப் பக்கம் நாங்கள் உன்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம். புது வீடு வயலோரத்தில் இருக்கிறது, அலைச் சத்தம் கேட்காது. உன் மகள் உன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். சிரிக்கும்போது உன்னைப் போலவே இருக்கிறாள்.

வல்ல நாயன் உன் கைகளுக்குப் பறக்கத்தைத் தரட்டும். உன் நெஞ்சை லேசாக்கட்டும். வா கா தங்கச்சி, வந்து உன் பிள்ளையைக் கட்டிப்பிடி.

என்றும் உனக்காகத் துஆ கேட்கும்
ராத்தா சுபைறா