தொம்மை மாளிகையின் மூன்றாம் மாடி

2024 ஜூலை 9, செவ்வாய்

கட்டடத்துக்கான பித்தளை எழுத்துகள் வந்தன. தொம்மை மாளிகை. என் வீட்டுக்காரர் போனபிறகு அவர் பெயராவது வண்ணார்பேட்டையில் நிமிர்ந்து நிற்கட்டும். 'ளி'யில் ஒரு கீறல். திருப்பி அனுப்பினேன். "அங்கன உயரத்துல யாரும்மா பாக்கப்போறா?" என்கிறான் மகன் ரெக்சன். நான் பார்ப்பேன்.

ஜூலை 14, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் மருமகளின் கம்ப்யூட்டர். காபிக் கோப்பைக்கு அடியில் வட்டக் கறை. திரையில் நீளமான பெட்டிக்குள் ஒரு சிவப்புப் புழு ஊர்ந்தது. பார்க்கவே அருவருப்பு.

"பெட்டி உங்க மூணாவது மாடிதான் மாமி, புழு தீ" என்றாள் ஜாய்சி. பெரிய கட்டடங்களில் தீ எப்படி நகரும் என்று கணக்கிடுவது அவள் வேலை. துண்டை மடிக்கத் தெரியாது.

ஜூலை 15

கேட்டதை எழுதிவைக்கிறேன். சின்ன அறையென்றால் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அடங்கும். நம் பொறியாளர் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார். ஜவுளிக்கடைக்காகக் கட்டிய மூன்றாம் மாடியோ தடுப்பே இல்லாத ஒரே கூடம். ஒரு மூலையில் பிடித்த தீ அங்கிருக்கும் சேலைகளைத் தின்றுவிட்டு அடுத்த அடுக்குக்கு நகரும். அது போய்ச் சேருமுன்பே மறுகோடி இரும்பு உத்திரங்கள் புகையில் சூடேறிக் கிடக்கும். தீயும் வந்துவிட்டால் தொய்ந்துவிடும்.

"பெரிய தீதானே மோசம்?"

"இல்ல மாமி, சின்னதுதான். ரொம்ப நேரம் நடக்கும்."

அந்த உத்திரங்களுக்குத் தீக்காப்புப் பூச்சு இல்லை. பூசினால் திறப்பு தள்ளிப்போகும், கடை வைக்கப்போகும் மகாராஜா அண்ணாச்சி தீபாவளி வியாபாரத்தை விடமாட்டார் என்கிறான் ரெக்சன். "தீ பிடிச்சா மேல குழாயில தண்ணி தானா கொட்டும்லா. இவ சும்மா பயங்காட்டுதா." அவளை வைத்துக்கொண்டே சொன்னான். இப்படியா வளர்த்தேன்?

ஆகஸ்ட் 9, ஆடி வெள்ளி

முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறினேன். சேலைகள் இப்போதே கூரை வரைக்கும். தீயணைக்கும் தண்ணீர்க் குழாயின் திருகுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அதை இறுக மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது.

அண்ணாச்சி சிரிக்கிறார். "ஒரு சொட்டு ஒழுகுனா பட்டு பூரா போச்சுல்லாம்மா. அதான் கட்டிப் போட்ருக்கு."

"ஆள் எரிஞ்சா?"

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்பிடிப் பேசுதீய?"

ரெக்சன் சங்கிலியைப் பார்க்காமல் செல்லைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் — முன்பே தெரியும்.

சீ. எழுதவே கூசுது. சேலைக்குக் காட்டுத பரிவு அதைக் கட்டப்போற பொம்பளைக்குக் கெடையாதா?

ஆகஸ்ட் 10

ஜாய்சியின் புழுவைக் கடைசிவரை பார்த்தேன். மறுகோடியில் உத்திரம் விழுந்தது. மாடிப்படி அங்கேதான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

திறப்பு. பங்குச் சாமியார் கட்டடத்தை மந்திரித்து முடித்தார். வழக்கப்படி உரிமைக்காரி கையால் சாவி கொடுக்க வேண்டும். அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டினார். நான் சாவியைக் கைப்பையில் போட்டேன். பூச்சு முடியட்டும், சங்கிலி கழலட்டும், பிறகு தருகிறேன் என்றேன். பித்தளை எழுத்துகளையும் இறக்கச் சொன்னேன்.

"மானத்த வாங்கிட்டிய" என்றான் ரெக்சன். வாங்கவில்லை. காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3

அண்ணாச்சி சேலைகளை அள்ளிக்கொண்டு எதிர்வரிசைக் கட்டடத்துக்குப் போய்விட்டார். ரெக்சன் என்னோடு பேசுவதில்லை. பூச்சு வேலை தொடங்கியது.

அக்டோபர் 27, ஞாயிறு

பூச்சு முடிந்தது. வெள்ளை, சொரசொரப்பு, அழகே இல்லை. ஜாய்சி மறுபடி கணக்கை ஓட்டினாள். புழு கோடி முதல் கோடி வரை தின்றுகொண்டு போனது. உத்திரங்கள் நின்றன. ரெக்சன் தானே ஏணி கொண்டுவந்து எழுத்துகளை மாட்டினான். 'ளி' கொஞ்சம் சாய்வு. விட்டுவிட்டேன்.

எதிரே அண்ணாச்சி கடையில் தீபாவளிக் கூட்டம், குழந்தையும் குட்டியுமாக. அதுவும் தடுப்பில்லாத ஒரே கூடம்தான். அந்தக் கட்டடத்தையும் கணக்கில் போட்டுப் பார் என்றேன் ஜாய்சியிடம்.

"சேலை எடுக்குத சாக்குல பாத்துட்டு வந்தேன் மாமி. போட்டாச்சு. அங்கயும் சங்கிலி."

முடிவைக் கேட்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ரெக்சன், கையில் இரும்பு அறுக்கும் வாளோடு.