இடம் சொல்லாத செடி

ஜூன் 6

அன்புள்ள ஒட்டடைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தனிக்கதை சொல்கிறது. உன் பெண்டாட்டி, பிள்ளை, நாற்றுப் பண்ணை மூன்றும் நலம்தானே? உன் பதிலுக்குக் காத்துக் காத்துக் கண் பூத்துவிட்டது. இந்த மலையில் கைபேசி வேலை செய்யாது என்று தெரிந்தும் எழுதக் கை வணங்காத தம்பி நீ ஒருவன்தான்.

சரி, சண்டை அப்புறம். எனக்கு ஒரு புதுச் செடி கிடைத்திருக்கிறது. புதிது என்றால், உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காதது. ஈரப்பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலை தீப்பெட்டி அளவு, அடியில் செம்பு நிறம், மேலே பூனைக்குட்டி மயிர். பூ கருநீலம். முதலில், தெரிந்த இனம்தான் என்று நினைத்தேன். எங்கள் தாவரவியல் துறைத் தலைமையகத்திலிருந்து உலர்ந்த மாதிரிகளை வரவழைத்து, ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். அவற்றின் பூவில் மகரந்தத்தாள் இரண்டு. இதில் நான்கு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆனால் மொத்தமே ஐம்பதுக்குள்தான் இருக்கும். அதுவும் தொங்குபாலத்துக்குக் கீழே, ஒரே பாறையில். கட்டுரையில் இதை ‘அழிவின் விளிம்பில்’ என்ற பிரிவில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். பிறந்த அன்றே சாகக் கிடக்கிற பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி இருக்கிறது.

யாரிடமும் மூச்சு விடாதே.

அன்புடன்,
அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் ஒரு தடவை, உன் தம்பி பெண்டாட்டி இரண்டு தடவை படித்தோம். “உங்கக்கா புருஷனப் பத்திக்கூட இப்படி எழுதினதில்ல” என்றாள். மாமாவிடம் சொல்லிவிடாதே.

தொங்குபாலம் என்றால், போன வருஷம் நான் வழுக்கி விழுந்து நீ சிரித்தாயே, அதுதானே? பாறை பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? வெயில் எவ்வளவு நேரம் படும்? கோடையில் தண்ணீர் வற்றுமா? தொழில் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

அக்கா, எனக்கு ஒரே ஒரு இலை அனுப்பேன். இந்த மாதிரி மயிரிலைச் செடிகள் இலையிலிருந்தே துளிர்க்கும். ஒரு வருஷத்தில் நூறாக்கிக் காட்டுகிறேன். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்திருக்கிறாயே, அந்தப் பாறை சரிந்தால் என்ன செய்வாய்?

எங்கள் பண்ணைக்கு வருவாரே கண்ணாடி வீட்டுக்காரர், செடிக்கென்றே கண்ணாடியில் வீடு கட்டியிருப்பவர், அரிய செடி என்றால் உயிரை விடுவார். இதைப் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்!

பாசத்துடன்,
உன் ஒட்டடை

ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். பாறையில் பாதிச் செடிகளைக் காணோம்.

ஒரு வாரம் கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வெடிப்புகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. ஆடு மேய்ந்திருந்தால் கிழிந்த இலை கிடக்கும். மழை அடித்திருந்தால் கீழே ஓடையில் கிடக்கும். இது அப்படியில்லை. மெல்லிய தகட்டை விட்டு நெம்பி, வேர் அறாமல், மண்ணோடு எடுத்திருக்கிறார்கள். கை தேர்ந்தவன் வேலை. நீ நாற்றுப் பெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன் இல்லையா, அது ஞாபகம் வந்தது. வேறொன்றுமில்லை.

எங்கள் ஜீப் ஓட்டுநரைத்தான் முதலில் கேட்டேன். “என்ன மேடம், என்னப் பாத்தா செடி திருடுற மாதிரியா இருக்கு?” என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. கட்டுரைக்குச் செடியைப் படம் வரைந்து தரும் அம்மாளையும் கேட்டுவிட்டேன். அழுதுவிட்டாள்.

உன்னிடமும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. தொங்குபாலம் என்று நான் எழுதியதை யாரிடமாவது சொன்னாயா? அந்தக் கண்ணாடி வீட்டுக்காரரிடம்?

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பார்த்து மனசு கலங்கிவிட்டது. பாதியா? அடப்பாவிகளா!

நீ கேட்டதற்குப் பதில். கண்ணாடி வீட்டுக்காரர் தொட்டி வாங்க வந்தபோது, “எங்கக்கா ஒரு புதுச் செடி கண்டுபிடிச்சிருக்காங்க” என்று பெருமைக்குச் சொன்னேன். “எந்த ஊர்ல? எந்த மலை?” என்று துருவினார். நான் சொல்லவில்லை. பெருமை பீற்றியது தப்புதான். இடத்தை மட்டும் என் வாயால் சொல்லவில்லை. நம்பு.

நாற்றுப் பெயர்ப்பதைப் பற்றி நீ எழுதியிருந்தது... நான்கு தடவை படித்தேன். ‘வேறொன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறாய். வேறொன்றுமில்லை என்றால் அதை ஏன் எழுத வேண்டும் அக்கா?

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி

ஆகஸ்ட் 21

என் அன்பான ஒட்டடைக்கு,

உன் மேல் எனக்கு எப்படியடா சந்தேகம் வரும்? தூக்கம் கெட்ட மூளை ஏதோ எழுதிவிட்டது. விட்டுத் தள்ளு.

ஒரு நல்ல செய்தி. இன்னொரு இடத்திலும் அதே செடி இருக்கிறது! கோபுரம் இருக்கிறதே, வானொலிக் கோபுரம், அதற்குக் கீழே இறங்கும் சின்ன ஓடை. ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒற்றை மரத்துக்கு எதிரே. நன்றாகத் தழைத்திருக்கிறது. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது.

பிள்ளைக்கு என் முத்தம்.

அக்கா

செப்டம்பர் 14

தம்பிக்கு,

ஒற்றை மரத்தில் ஒரு கேமரா கட்டியிருந்தேன், ஆள் நடமாடினால் தானே படம் எடுப்பது. நேற்று அதை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

படத்தில் நீ இருக்கிறாய். தோளில் பை. கையில் மூடி போட்ட ஒரு டப்பா.

என் குடியிருப்பு வாசலைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வரவில்லையே நீ.

டப்பா எதற்கு?

செப்டம்பர் 25

அக்காவுக்கு,

டப்பா ஒரு இலைக்கு. ஒரே ஒரு இலை. உள்ளே ஈரப் பாசி வைத்திருந்தேன், வாடாமல் கொண்டுபோக. துளிர்க்க வைத்து, வேர் பிடித்ததும் தொட்டியோடு தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று திட்டம். அதனால்தான் அன்று உள்ளே வரவில்லை. இன்னும் விடியவில்லை, உன் ஜன்னலில் விளக்கு எரிந்தது. நீ இருமினாய். கேட்டுக்கொண்டே குனிந்து போனேன், திருடன் மாதிரிதான்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கண்ணாடி வீட்டுக்காரர் மறுபடி வந்தார். நல்ல விலை சொன்னார். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் பொய். காதில் விழுந்தது, உள்ளேயும் கொஞ்சம் போயிற்று. அதன் பிறகு அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதையும் நீ நம்ப வேண்டியதில்லை.

ஓடை பிரிகிற இடத்தில் அரை நாள் தேடினேன். பாறை காய்ந்து கிடந்தது. செடியும் இல்லை, செடி இருந்த சுவடும் இல்லை. இங்கேயும் தோண்டிவிட்டார்கள் என்று பதறி, உன்னிடம் ஓடி வருவதற்குத்தான் திரும்பினேன். அப்போதுதான் மரத்தில் கேமராவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புலியைப் படம் பிடிக்க வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் அக்கா. பிறகு புரிந்தது, அங்கே செடி இருந்ததே இல்லை, கேமரா எனக்காக வைத்தது என்று. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிட்டேன்.

வீட்டில் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. “அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள். “நல்லா இருக்காங்க” என்றேன்.

தம்பி

நவம்பர் 17

என் தம்பிக்கு,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் முழுக்கப் படித்துவிடு.

மூல மாதிரியை ஒப்படைக்கத் தலைமையகம் போயிருந்தேன். மூல மாதிரி என்றால், ‘இதுதான் அந்த இனம்’ என்று உலகத்துக்குச் சாட்சியாக வைக்கிற ஒரு செடி. நானே பறித்து, நானே காயவைத்தது. அதைக் கொடுத்துவிட்டு, புதிதாகக் கட்டியிருக்கும் பசுமைக்குடிலை எட்டிப் பார்த்தேன். நடுமேசையில் என் செடிகள். தொட்டி தொட்டியாக. வெல்வெட் துணி விரித்து, விளக்கு போட்டு. முக்கால்வாசி அழுகிவிட்டது.

இயக்குநரிடம் ஓடினேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. “திறப்பு விழாவுக்கு மந்திரி வர்றார். நம்ம கண்டுபிடிப்பு நாமதானே காட்டணும்? உங்ககிட்ட சொல்லச் சொன்னேனே, யாரும் சொல்லலையா?” என்றார். இடம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டியதே இல்லை. விதிப்படி பாறை இருக்கும் இடத்தை அறிக்கையில் குறித்து அனுப்பியவளே நான்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நான் சொந்த வீட்டுப் பிள்ளையைப் போய்ப் பிடித்திருக்கிறேன்.

அங்கேயே கத்தினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கதவைச் சாத்தச் சொன்னார், சாத்தவில்லை. இனி என் கையெழுத்து இல்லாமல் அந்தப் பாறையை யாரும் தொடக்கூடாது என்று எழுதி வாங்கிய பிறகுதான் வெளியே வந்தேன். இன்னொன்றும் வாங்கினேன். இலையிலிருந்து செடி பெருக்கும் பொறுப்பை உன் பண்ணைக்குக் கொடுத்த உத்தரவு. நீ முதல் கடிதத்திலேயே கேட்டது. அன்றே கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பேன்?

ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம்” என்றார். அவரிடம்தான் இலைகளைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் காலில் விழ மூத்தவளுக்கு முறையில்லை. இல்லாவிட்டால் விழுந்திருப்பேன். நீ வா. நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறையைக் காட்டுகிறேன். மிச்சம் இருப்பதை நீ பார்க்க வேண்டும். எப்போது வருகிறாய்?

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இலைகள் வாடாமல் வந்து சேர்ந்தன. உன் ஓட்டுநர் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். அவரைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம். இலை நரம்பைக் கீறி, ஈரப் பாசியில் பதித்தேன். சில அழுகின, பல பிடித்துக்கொண்டன. இப்போது நரம்போரத்தில் கடுகு கடுகாகத் துளிர் தெரிகிறது. செடிக்குப் பெயர் எழுதாமல் வெறும் எண் எழுதி, தனிக் கூடாரத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி உன் தம்பி பெண்டாட்டியிடம். கண்ணாடி வீட்டுக்காரர் இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை.

கட்டுரை வெளிவந்ததைக் கேட்டதும் பிள்ளை குதித்தது. நீ செடிக்கு வைத்த பெயரை இரண்டு நாள் சொல்லிப் பார்த்தோம். யாருக்கும் வாயில் நுழையவில்லை.

நீ கூப்பிட்டாய். நான் வரவில்லை அக்கா. கோபம் இல்லை, இருந்தது, போய்விட்டது. உன் இடத்தில் நான் இருந்தாலும் டப்பாவைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் தொங்குபாலம் என்பதோடு நிற்கட்டும், அந்தப் பாறைக்கு வழி எனக்குத் தெரிய வேண்டாம். இனி அங்கே காற்றடித்து ஒரு செடி விழுந்தால்கூட, உனக்கு என் முகம் ஞாபகம் வந்துவிடும். வரவிடாமல் உன்னாலும் தடுக்க முடியாது. எனக்குச் சரியான இடம் தெரியாவிட்டால் அந்தத் தொல்லை நம் இரண்டு பேருக்கும் இல்லை.

ஆகவே தண்ணீர் எப்படி, நிழல் எப்படி, எந்த மாதம் காய் வெடிக்கும், எல்லாவற்றையும் எழுது. எங்கே என்று மட்டும் எழுதாதே.

நீ இங்கே வா. துளிர்களைப் பார்ப்பதென்றால் காலையில் பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் இலை சுருண்டுகொள்கிறது. முந்தின நாளே வந்து தங்கு.

தம்பி