“வர்றேன்” என்று எழுது

கல்லுமலைத் தோட்டம்,
றக்வான.
12.11.1974

அன்பு மகள் புஷ்பவதிக்கு, மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். கோத்தகிரியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வெள்ளிதோறும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். உன் மூன்று கடிதங்களும் நேற்றுத்தான், ஒன்றாக, என் கைக்கு வந்தன. கடைசிக் கடிதத்தில், பிள்ளைத்தாய்ச்சி எழுதியும் உனக்கு மனம் இரங்கவில்லையா அம்மா, இனி எழுத மாட்டேன், போறேன் என்று முடித்திருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபப்படாமல் நடந்ததைக் கேள்.

ஆவணியிலிருந்து சோமபால என்ற சிங்களப் பிள்ளைதான் தோட்டத்துக்குத் தபால் கொண்டுவருகிறார். வாசலில் நின்று “அம்மே, என்ன, என்ன” என்பார். எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுதான், உனக்குத் தெரியுமே. வயதில் மூத்தவளை என்ன என்ன என்று அதட்டுகிறானே என்ற எரிச்சலில், அடுப்படியில் இருந்தபடியே “வர்றேன், வர்றேன்” என்று கத்துவேன். இரண்டு தரம் அப்படி நடந்தது, பிறகு அவர் எங்கள் லயத்து வீட்டு வரிசைப் பக்கமே வரவில்லை. நீதான் எழுதவில்லை, நான் ஏன் முதலில் எழுத வேண்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். அது என் தப்பு.

நேற்று பக்கத்துக் காம்பரா மருதாயி அவரை மறித்து, ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறாள். என் தாயைக் கூப்பிடுவதுபோல மரியாதையாகத்தான் கூப்பிட்டேன், அந்த அம்மா மாடு மேய்க்கிறவனை அழைக்கிற மாதிரி அழைக்கிறது, கடிதம் ஆபீசில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம். அவர்கள் பேச்சில் “என்ன” என்றால் வாங்க, “வரென்” என்றால் வாடாவாம்! அக்கா, நீங்க வாடா வாடான்னீங்களாம், மனுசன் ரோசப்பட்டு ஓடிட்டாரு என்று மருதாயி சிரித்துச் சிரித்து நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மழையோடு ஆபீசுக்குப் போய், அவரைக் கண்டதும் “என்ன மாத்தயா”, வாங்க ஐயா என்று அவர் பேச்சிலேயே சொல்லிக் கும்பிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடிதங்களை அவரே எடுத்துக் கொடுத்தார்.

உன் மாமியார் பேச்சும் சுருக்கென்று இருப்பதாக எழுதியிருக்கிறாய். மனதில் போட்டு வைக்காதே தாயி, என்ன சொன்னீங்க அத்தை என்று அப்போதே சிரித்த முகத்தோடு கேட்டுவிடு. நான் கேட்காமல் மூன்று மாதம் உன்னை இழந்திருந்தேன். தண்ணீர்க் குடம் தூக்காதே.

கப்பலேறிப் போன நீ இந்தக் கரைக்கு வர முடியுமோ முடியாதோ, அது சர்க்கார் கையில். ஆனால் பதில் எழுதும்போது முடிவில் “வர்றேன்” என்று போடு. இங்கே நான் ஒருத்தி அதைச் சரியாகப் புரிந்துகொள்வேன்.

ஆத்தா உன்னைக் காப்பாள்.

உன் அம்மா,
அழகம்மா