அம்மா பாஸ்போர்ட்டுக்கு அட்டை போட்டது

மே 6, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே மொட்டை மாடி சுட்டது. வடகம் எடுக்கப் போய் உள்ளங்காலில் கொப்புளம். நாளை 11.40-க்கு விமானம். நாளை மதியம் சேலையூர் எனக்குக் கீழே எங்கேயோ. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

பெட்டி 1 (அம்மா): பிரசவ லேகியம் 2 டப்பா, சுக்குப் பொடி, பூண்டு, வசம்பு, பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தைத்த துணி 12, குழந்தைத் தொப்பி 3.
பெட்டி 2 (நான்): உடை 6 ஜோடி, நூலகப் புத்தகம் 3, பதினொன்றாம் வகுப்புக் கணக்கு, இந்த நோட்டு.

அக்காவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம். சிங்கப்பூரில் அவளும் மாமாவும் மட்டும்தான். மாமாவுக்கு ஷிப்ட் வேலை. போன தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாள். இந்தத் தடவை அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா பக்கத்துல இருக்கணும்." நான் போவது அம்மாவுக்காக இங்கிலீஷ் பேச. அப்பாவுக்கு லீவ் இல்லை.

அம்மா நேற்றோடு எல்லா பிளவுஸையும் தைத்துக் கொடுத்துவிட்டாள். கேட்டில் என் கையெழுத்தில் போர்டு: ஜூன் 20 வரை தையல் இல்லை.

மதியம் ஏஜென்ட் போன். "பாஸ்போர்ட்ல கவர் கிவர் போட்டிருந்தா கழட்டிடுங்கம்மா. மெஷின்ல வைக்கணும்." அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நீ பாரு பாப்பா" என்றாள்.

அட்டை போட்டதே நான்தான். விசா வந்த அன்று. ஜூன் வந்தால் இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு நான்தான் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுப்பேன். மூலையை மடித்து, உள்பக்கம் டேப் ஒட்டி, லேபிளில் பெயர் எழுதி. பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே, கண்ணாடி பிளாஸ்டிக்கில். அப்பா கீழ் வீட்டில் எடுத்துப் போய்க் காட்டினார்.

என்னுடையது சுலபமாகக் கழன்றது. அம்மாவுடையதில் டேப் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டியிருந்தேன். நோட்டில் முன்னட்டையின் உள்பக்கம் வெறும் அட்டை. பாஸ்போர்ட்டில் அங்கேதான் புகைப்படம் இருக்கிறது. தெரிந்துதான் ஒட்டினேன், ஓரம்தானே என்று.

இழுத்தேன். டேப்போடு மேலே இருந்த மெல்லிய பிளாஸ்டிக்கும் பிரிந்தது. கீழ் மூலையிலிருந்து படத்தில் அம்மாவின் தோள் வரை. அடியில், மெஷின் படிக்கிற வரியில் நான்கு எழுத்து டேப்போடு வந்துவிட்டன.

பசை தடவி அழுத்தினேன். அகராதிக்கு அடியில் இரண்டு மணி நேரம். இப்போது நேராகப் பார்த்தால் தெரியவில்லை. சாய்த்தால் தெரிகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. முகம் தெளிவாகத்தானே இருக்கிறது? விசா தனிக் காகிதம்தானே? (இதை எனக்கு நானே நான்கு தடவை சொல்லிக்கொண்டேன். சரியான விடைக்கு ஒரு தடவை போதும்.)

மே 7, புதன். மாலை 5

வீட்டில்தான் இருக்கிறேன்.

வரிசையாக எழுதுகிறேன்.

காலை 6. அம்மா இரண்டு பாஸ்போர்ட்டையும் சாமி முன்னால் வைத்தாள். இந்த வீட்டில் எதற்கும் குங்குமம் உண்டு. தையல் மிஷின், மிக்ஸி, என் ஹால் டிக்கெட். என்னுடையதற்கு வெளி அட்டையில் ஒரு பொட்டு. தன்னுடையதைத் திறந்து படத்துக்குக் கீழே ஒரு பொட்டு, "உள்ள வச்சா அழியாது." பிளாஸ்டிக் திறந்திருந்த ஓரத்துக்குள் பொடி போவதைப் பார்த்தேன். அம்மா சமையலறைக்குப் போனதும் துடைத்தேன். இன்னும் உள்ளே போனது. அப்போது சொல்லியிருக்கலாம். கார் வாசலில் நின்றது.

ஏர்போர்ட்டில் அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். டிக்கெட் இருப்பவர்கள்தான் உள்ளே.

கவுன்டரில் ஒரு தமிழ் அக்கா. "டெலிவரிக்கா ஆன்ட்டி? முதல் பேத்தியா பேரனா?" அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் போர்டிங் பாஸ் உடனே வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட்டை மெஷின் படிக்கவில்லை. மூன்று தடவை வைத்தார். பிறகு சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "ஒரு நிமிஷம் தள்ளி நில்லுங்க ஆன்ட்டி."

நீல கோட் போட்ட பெரிய அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஓர் ஓரமாக எங்களைக் கூட்டிப் போனார். விசாக் காகிதத்தைப் பார்த்தார். இது சரியாக இருக்கிறது என்றார். பாஸ்போர்ட்டை விளக்கில் பிடித்தார். நகத்தால் அந்த ஓரத்தைத் தொட்டார். எழுந்து வந்தது. உள்ளே சிவப்பு.

"ஹூ ஓபண்ட் திஸ்?"

இதை யார் பிரித்தது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எனக்குப் புரிந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். "என்ன கேக்கறாரு?"

"குங்குமம் யார் வச்சதுன்னு கேக்கறார்மா."

"நான்தான்னு சொல்லு. சாமி கும்பிட்டு வச்சது, தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லு."

நான் அவரிடம், "மை மதர், சார்."

உங்கள் அம்மாவா இதைப் பிரித்தது என்று மறுபடி கேட்டார். யெஸ் சார் என்றேன். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

படத்துப் பக்கத்தைப் பிரித்து ஒட்டியிருக்கிறது, விசா இருந்தாலும் இதை வைத்து ஏற்ற முடியாது, அங்கே இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதை அம்மாவுக்குச் சரியாகவே மொழிபெயர்த்தேன். அம்மா பாஸ்போர்ட்டை வாங்கித் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். "நான்தான் சார். பாருங்க. அதே மூக்குத்தி." கழுத்தைக் கொஞ்சம் திருப்பி, படத்தில் இருப்பதுபோலவே வைத்துக் காட்டினாள்.

வரிசையில் யாரோ: "போலி பாஸ்போர்ட்டாம்."
இன்னொருவர்: "பாத்தா அப்படித் தெரியலையே."

என் போர்டிங் பாஸையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வெளியே வருவதற்கும் கூட ஓர் ஆள். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, உள்ளே வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, நாங்கள் எதிர்த் திசையில்.

காரில் அப்பா முன்சீட்டில். பல்லாவரத்தில் ஆரம்பித்தவர் சானடோரியம் வரை நிறுத்தவில்லை. "எதுல பொட்டு வைக்கிறது, எதுல வைக்கக் கூடாதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்? கவர்மென்ட் பேப்பர்டி அது. பொண்ணு அங்க ஒத்தையா கெடக்கா, நீ இங்க கோலம் போட்டுட்டு வந்திருக்க."

"தெரியலீங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 8, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. ஜன்னல் திரையெல்லாம் மூடியிருக்கிறது. மிக்ஸி கூடப் போடவில்லை, சத்தம் கேட்டு நாங்கள் போகாதது கீழ் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று. சட்னி இல்லாமல் தோசை.

ஆனால் பால் வாங்க யாராவது போகத்தானே வேண்டும். இஸ்திரி வண்டி அண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "இன்னா பாப்பா, பிளேன் ஏறிக்கினு பூட்டேன்னு நெனச்சேன், இங்க கீற? பிளேன் பிரேக்டவுனா?" டிக்கெட் தள்ளிப் போய்விட்டது என்றேன். இன்னொரு பொய். இது சின்னது.

பத்து நிமிடத்தில் கீழ் வீட்டு லதா ஆன்ட்டி. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், தன் மேல் தப்பு என்றே சொன்னாள். ஆன்ட்டிக்கு ஏர்லைன்ஸ் மேல் கோபம். "குங்குமத்துக்கா நிறுத்தினான்? விசா இருக்கில்ல? நீ சும்மா இருக்கியே, இவளை விட்டு ஒரு கம்ப்ளைன்ட் எழுதச் சொல்லு. நல்லா படிக்கிற பொண்ணு." என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

மதியம் அக்கா வீடியோவில். முகம் வீங்கியிருந்தது. கால் இன்னும் அதிகமாம்.

"ஏம்மா உள்ள போய் வச்ச? வெளில வச்சிருக்கலாம்ல?"
"என் புத்தி கெட்ட வேலைடி. திட்டு, பரவாயில்ல."
"திட்டலம்மா. பயமா இருக்கும்மா."

நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா முகம் தெரிகிற மாதிரி. நான் தெரியாத மாதிரி.

நூலகப் புத்தகம் எடுத்தேன். ஒரே பக்கம் ஆறு தடவை.

மே 10, சனி

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றிவிட்டுக் குங்குமச் சிமிழோடு மிஷின் வரைக்கும் வந்தாள். நின்றாள். மூடித் திரும்ப எடுத்துப் போய்விட்டாள். "எதுக்கு வைக்கணும், எதுக்கு வைக்கக் கூடாதுன்னே எனக்குத் தெரியல."

இருபது வருடமாக அந்த மிஷினுக்கு வைத்தவள்.

புது பாஸ்போர்ட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பழையது எப்படிச் சேதமானது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோக வேண்டும். அப்பா, "பாப்பா எழுதட்டும், கையெழுத்து அழகா இருக்கும்."

அம்மா தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதினேன். பூஜை செய்யும்போது நான் என் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் குங்குமம் வைத்து அதைக் கெடுத்துவிட்டேன். "'அறியாமையால'ன்னு போடு பாப்பா. அந்த மாதிரி வார்த்தை போட்டா மன்னிப்பாங்க." போட்டேன். அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டாள். எட்டாவது படித்த கையெழுத்து. என்னுடையதைவிட உருண்டையாக இருக்கும்.

சாயங்காலம் அதைக் கிழித்துவிட்டேன். வேறு எழுதினேன். அட்டை போட்டது, டேப் ஒட்டியது, பிரித்தது, பசை தடவியது எல்லாம் என் இளைய மகள், வயது 15. குங்குமம் பிறகு வைத்தது. அம்மாவிடம், "முதல்ல எழுதினதுல ஒரு தப்பு. இன்னொரு கையெழுத்து." படிக்காமல் போட்டாள்.

இதைச் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை இரண்டாம் தடவையும் பயன்படுத்திக்கொண்டேன்.

மே 13, செவ்வாய்

பாஸ்போர்ட் ஆபீஸ். டோக்கன், காத்திருப்பு, இன்னொரு கவுன்டர், இன்னொரு காத்திருப்பு. அப்பா வேலைக்குப் போய்விட்டார், நாங்கள் இருவர்தான். ஏசி குளிர். அம்மா முந்தானையால் போர்த்திக்கொண்டாள்.

மூன்றாவது கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். கடிதத்தைப் படித்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறகு தமிழிலேயே கேட்டார், நிமிராமல்.

"டேப் ஒட்டி இழுத்ததும், பசை போட்டதும் உங்க பொண்ணாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. மேடம் தலை நிமிர்வதற்குள்,

"ஆமா மேடம்."

"குங்குமத்தால ஒண்ணும் இல்ல. மேல வச்சிருந்தா துடைச்சா போயிடும். பிரிச்சதுதான் பிரச்சினை. இந்தப் பொண்ணா? என்னம்மா, நோட்டுப் புத்தகமா இது?"

நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை.

போலீஸ் விசாரணை முடிந்துதான் புதியது வரும். எண் மாறும், அதனால் விசாவும் புதிதாக. அக்காவின் தேதிக்குள் வருமா என்று அம்மா கேட்டாள். சொல்ல முடியாது என்றார் மேடம்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். அம்மா நிழலுக்கு வரவில்லை.

"அன்னைக்கு அந்த ஆளு இங்கிலீஷ்ல என்ன கேட்டாரு?"

"யார் இதைப் பிரிச்சதுன்னு."

"நீ எங்கிட்ட என்ன சொன்ன?"

"குங்குமம் யார் வச்சதுன்னு."

"அவர்கிட்ட?"

"அம்மான்னு."

எங்கள் பஸ் வந்தது. அம்மா ஏறவில்லை. பஸ் போய்விட்டது. ஒரு கல்லூரிப் பையன் ஸ்டாப்பின் கைப்பிடிச் சுவர் மேலே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான், தோலை எங்கள் பக்கம் ஊதினான். நான் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பஸ்ஸும் வந்தபோது அம்மா சொன்னாள்: "பிரிஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்டி."

பிறகு, சீட்டில் உட்கார்ந்து, முன்னால் பார்த்துக்கொண்டு: "அப்பாகிட்ட நான் சொல்லப் போறதில்ல."

காப்பாற்றுகிறாளா, என்னையே சொல்லச் சொல்கிறாளா? கேட்கத் தைரியம் இல்லை. மூன்று நிறுத்தம் முழுக்க யோசித்தேன். காப்பாற்றுகிறாள் என்று வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதி.

மே 15, வியாழன்

அப்பாவிடம் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. நேற்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். விசாரணைக்கு சனிக்கிழமை வருவார்களாம். அப்பா அம்மாவிடம், "வந்து கேட்டா ஒழுங்கா சொல்லு, பொட்டு வச்ச கதைய." அம்மா கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

என்னோடு பேசுகிறாள். சாப்பிடு, குளி, துணி எடுத்து வை. பாப்பா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

மே 16, வெள்ளி

காலை 6.20, மாமா போன். முன்கூட்டியே வலி எடுத்துவிட்டதாம். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. இருவரும் நலம். மாமா ஷிப்ட்டில் இருந்திருக்கிறார், அக்கா தனியாகவே டாக்சி பிடித்து ஆஸ்பத்திரி போயிருக்கிறாள்.

வீடியோவில் அக்கா. உதடெல்லாம் வெடித்து, முடி நெற்றியில் ஒட்டி. குழந்தை சிவப்பாக, கண் திறக்காமல். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தையையே பார்த்தாள். நாங்கள் மூவரும் ஒரே போனில், தலையோடு தலை இடித்துக்கொண்டு.

"டாக்சில ரொம்பக் கத்திட்டேன்மா" என்றாள் அக்கா. "டிரைவர் பாவம், பயந்துட்டார்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் அவருக்குக் கோபம் வரும். "எல்லாம் உங்கம்மாவைச் சொல்லணும். பொட்டு வைக்கிறேன்னு போய்…"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. போனை மட்டும் கொஞ்சம் நகர்த்தினாள். திரையின் ஓரத்தில் இருந்த என் பாதி முகம் முழுசாகத் தெரிந்தது.

"அம்மா இல்லப்பா," என்றேன். "டேப் போட்டுப் பிரிச்சது நான். ஏர்போர்ட்ல அம்மா மேல சொன்னதும் நான்தான். அப்ப அம்மாவுக்குத் தெரியாது."

அக்கா காதிலும் விழுந்தது. மாமா காதிலும். அங்கே பின்னால் ஒரு நர்ஸ் நடந்து போனாள்.

குழந்தை சிணுங்கியது.

அம்மா போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, "தலைக்குத் துணி கட்டுடி, ஏசி காத்து படுது பாரு" என்றாள் அக்காவிடம்.

அப்பா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.