ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே

அண்ணா, நேற்றுக் காலை மொட்டை மாடியில், நீ மரம் அறுக்கும் செயின்சாவின் டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை வரவில்லை. கதவுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்த வீட்டில் வருமே, அப்படி ஒரு தித்திப்பான, தலை கிறுகிறுக்க வைக்கும் வாசனை. எட்டு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த மெஷின். நீ காய்ச்சலோடு வேலையிலிருந்து வந்து, அதை அங்கே தள்ளிவிட்டுப் படுத்தாய். ஆறாம் நாள் நீ இல்லை. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நீ ஊற்றிய பெட்ரோல் அப்படியே உள்ளே கிடந்து கெட்டியாகியிருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் என் கால்விரலுக்கு எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

அதைத் திறக்கும்படி ஆனது மஞ்சு அண்ணாவால்தான். உன்னோடு மரம் வெட்டியவர் இப்போது தனியாக ஆள் வைத்து வெட்டுகிறார். போன வாரம் அடித்த மழையில் தொம்மலூர் முழுக்கக் கிளைகள் விழுந்துவிட்டன. அவர்களிடம் இருப்பது ஒரே மெஷின். முந்தாநாள் சாயங்காலம் வந்து அம்மாவிடம் உன்னுடையதைக் கேட்டார். கயிற்றை இருபது தடவை இழுத்துப் பார்த்தார். அது ஒரு முறை இருமக்கூட இல்லை.

“கார்புரேட்டர் போயிருக்கும்மா. கடைல குடுத்தா அரை மணி நேரம். புதுசு மாட்டிட்டு, பழசத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஆய்த்து.”

ஆள் வந்தால் நான் எங்கே நிற்பேன் என்று உனக்குத் தெரியும். கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தேன். “வேணாம்” என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

அம்மா திரும்பினாள். “என்னாடி?”

“நானே பண்றேன்.”

மஞ்சு அண்ணா திரையைப் பார்த்து, வழக்கம்போலச் சின்னப் பெண்ணே என்று கன்னடத்தில் கூப்பிட்டுச் சிரித்தார். “ஏ புட்டி, உனக்குப் பேச்சுகூட வருமா? சரி. நாளன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு வருவேன். ஓடலன்னா கடைக்குத்தான்.”

ஏன் வேண்டாம் என்றேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். கார்புரேட்டரின் பக்கவாட்டில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பது அவற்றின் கையில். கடைசியாக அவற்றைத் திருப்பியது உன் விரல். நீ விட்ட இடத்திலேயே அவை நின்றிருந்தன. உன் சட்டைகளையெல்லாம் அம்மா துவைத்து மடித்துவிட்டாள். நீ வைத்தது வைத்தபடி இந்த வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. போன் வீடியோவில் ஒரு தாடிக்காரர், அவ்வளவுதான். அவர் பேசியது எந்த நாட்டு மொழியோ. “சவுண்ட நிறுத்து. கைய மட்டும் பாரு,” என்றாய். அம்மாவின் வெள்ளைத் தட்டில் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தோம். அரிசி மணி அளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளிக் காணாமல் போனது. ஒரு மணி நேரம் மாடி முழுக்கத் தவழ்ந்து தேடினாய். கடைசியில் நான் உன் தலையைக் காட்டினேன். மரத்தூளோடு முடிக்குள் சிக்கியிருந்தது.

“எப்பலேர்ந்து பாத்துட்டு இருக்க?”

நான் ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

“வாயத் தொறந்து சொன்னா இன்னா, ஊமக்கோட்டான்!”

முதலிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அண்ணா. நீ தவழ்வது பார்க்க நன்றாக இருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு பக்கத்தில் காகித கேஸ்கெட்டை முதலில் வைத்து அதன் மேல் டயாஃப்ரம் என்கிற மெல்லிய ரப்பர் தகட்டை வைக்க வேண்டும். மறுபக்கத்தில் ரப்பர் முதலில், காகிதம் பிறகு. நாம் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டோம். பொழுது சாயும்வரை கயிற்றை இழுத்து உன் உள்ளங்கை கொப்புளித்தது.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஒன்பதாவது படித்த நான் ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு பள்ளிக்கூடம் போகக் கூச்சமாகிவிட்டது. ஏன் ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். நீ மட்டும் கேட்கவில்லை. “போகலன்னா போகாத. இங்க வந்து எண்ணு,” என்றாய்.

திருகைக் கழற்றுவதற்கு முன்னால் அதை உள்பக்கமாகத் திருகி, முட்டி நிற்கும்வரை எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே அளவு திறக்க வேண்டும். எண்ணுவது என் வேலை. திருப்புவதை நீ எனக்குத் தந்ததே இல்லை. மெஷினை ஓடவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு முடி அளவு திருப்புவாய். உன் புருவத்தில் மரத்தூள் மின்னும். “பாரு, இப்பத்தான் நிம்மதியா மூச்சு வுடுது,” என்பாய். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தலையை ஆட்டுவேன்.

நேற்று முதல்முறையாக நானே திருப்பினேன், நானே எண்ணினேன். எண்ண எண்ண நீ வைத்த இடம் அழிந்துகொண்டே வந்தது. பாதியில் மூன்று தடவை நிறுத்தினேன். ஒரு திருகுக்கு ஒன்றேகால் சுற்று. இன்னொன்றுக்கு ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கொஞ்சத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல், காலண்டர் தாளின் பின்பக்கம் கடிகாரம் போல வட்டம் வரைந்து முள்ளைக் குறித்தேன்.

உள்ளே எல்லாம் பழுப்பு நிறப் பிசின். பெட்ரோலை வடிகட்டும் வலைத் துணுக்கில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. டயாஃப்ரம் அப்பளம் போல விறைத்திருந்தது. கிளீனரை அடித்து, துவாரங்களில் ஊதி, வெயிலில் காய வைத்தேன். உன் டூல்ஸ் டப்பாவில் ரிப்பேர் கிட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. நீயே வாங்கி வைத்திருக்கிறாய். அதிலிருந்து புது டயாஃப்ரத்தை எடுத்தேன். இந்த முறை வரிசை தப்பவில்லை. திருகுகளை என் வட்டத்தில் குறித்தபடியே திறந்து வைத்தேன்.

புதுப் பெட்ரோல் கலந்து, கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். ஒன்பதாவது இழுப்பில் பிடித்தது. கீழே அம்மா “ஐயோ” என்றது கேட்டது. ஆனால் மாடியே புகையாகிவிட்டது. கொழகொழவென்று இருமி நின்றுபோனது. மறுபடி இழுத்தேன். அதே புகை.

புகை கலையும்வரை உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. பழைய ரப்பர் விறைத்துவிட்டதால் பெட்ரோல் சரியாக வரவில்லை. அதை ஈடுகட்ட நீ திருகைக் கூடுதலாகத் திறந்து வைத்திருந்தாய். புது ரப்பருக்கு அந்தக் கணக்கு அதிகம். அப்படியே விட்டால் மெஷின் ஓடாது, கார்புரேட்டர் கடைக்குப் போய்விடும். கிட்டை வாங்கி வைத்த நாளிலேயே நீயும் அதை மாற்றத்தான் நினைத்திருப்பாய். இதைச் சொல்லிக்கொண்ட பிறகும் கை வர வெகுநேரமாயிற்று.

திருப்பினேன். ஒரு முடி அளவு உள்ளே. இழுத்து, கேட்டு, இன்னொரு முடி அளவு. நான்காவது தடவை புகை மெலிந்தது. சத்தம் ஒரே சீராக, அகலமாக விரிந்தது. எனக்கு வித்தியாசம் தெரிந்தது, அண்ணா.

இன்று எட்டு மணிக்கு மஞ்சு அண்ணா இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “யாரு செட் பண்ணது?” என்றார். என் கால் திரையின் பக்கம் நகர்ந்தது. பிறகு நின்றது.

“நான்தாண்ணா.”

“சக்கத்தாகிதெ கணே!” என்று கன்னடத்தில் மெச்சிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது மாடியில் இருக்கிறேன். ஆபீஸ் கட்டடங்களுக்கு அப்பால் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை உன் மெஷினால் அறுக்கிறார்கள். காற்று சத்தத்தைக் கொண்டுவருகிறது, எடுத்துப்போகிறது. கண்ணை மூடினால் அறுப்பது நீ என்று நினைத்துக்கொள்ளலாம். நான் நினைக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்கிறேன். கிளைக்குள் இறங்கும்போது லேசாகக் கரகரக்கிறது. திருகை இன்னும் ஒரு முடி அளவு மூட வேண்டும். சாயங்காலம் மெஷின் வந்ததும் பார்க்கிறேன்.