திருகு ஓட்டைகளில் சோப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் மாடி வீட்டுப் பெரியப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். உடம்பைத் தாண்டி நலம் சொல்ல இந்த வாரம் எனக்கு முகமில்லை. திங்கட்கிழமை இன்சூரன்ஸ் சர்வேயர் நம் முன்னறையில் உட்கார்ந்து, எரிந்துபோன காரைப் பற்றி என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது நான் சொல்லாதவை இவை. காரின் முன்பக்கத்திலும் அடியிலும் நீல விளக்குப் பட்டை இருந்தது. முந்தின நாள் காலைதான் அதைக் கழற்றினார்கள். அது ஆபத்து என்று சர்வீஸ் சென்டர் எலெக்ட்ரீஷியன் வயர் அக்கா முன்பே எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைத் தாளில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நாங்கள்தான். இதில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். நான் கேட்டது, "டீக்குச் சர்க்கரை போடலாமா சார்?"

போனில் நீ பாதி கேட்டாய், மீதியை உன் வசதிக்கு நிரப்பிக்கொண்டாய், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் உன் சிநேகிதனின் கார் அலங்காரக் கடையில் அந்த விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தாய். வாசலில் நிறுத்தி எரியவிட்டு நாம் நால்வரும் படம் எடுத்து முன்னறைச் சுவரில் மாட்டினோம், பெரியப்பா கூட "கப்பல் கரை ஒதுங்கின மாதிரி இருக்குடி" என்று சிரித்தார். உன் ஆசை என்பதால் அப்பா அதைத் தொடவே இல்லை, நீ இல்லாத வீட்டுக்கு அந்த நீல வெளிச்சத்தோடு வந்து இறங்குவதில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது, அது எனக்கும் தெரியும். போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது நானும் கூடப் போயிருந்தேன். வயர் அக்காவை உனக்கு நினைவிருக்கும், சட்டைப்பையில் டெஸ்டர் செருகிக்கொண்டு ஆண்கள் எல்லாரையும் "தம்பி தள்ளு" என்று அதட்டுவாரே, அவர்தான். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். "சார், ஹெட்லைட் வயரைக் கீறி அதுலயே ஒட்டுப் போட்டிருக்காங்க. நடுவுல ஃபியூஸே இல்ல. வெறும் ஸ்டிக்கர்னா நான் வாயே திறக்க மாட்டேன், இது நெருப்பு சார், கழட்டிடுங்க" என்றார். அப்பா "பொண்ணு ஆசையாப் போட்டது, இருக்கட்டும்" என்றார். வயர் அக்கா அதைச் சர்வீஸ் தாளில் எழுதப் பேனாவை எடுத்ததும், "அதெல்லாம் எழுதாதீங்கம்மா, வாரண்டி போயிடும்" என்று அப்பா கெஞ்சினார். வயர் அக்கா என்னைப் பார்த்தார். நானும் கண்ணால் கெஞ்சினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நமக்குச் செய்த உபகாரம் அது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா ஆபீஸ் வாசலில் நின்றிருந்த காரிலிருந்து புகை வந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, முன்பக்கம் மட்டும் உருகிப்போனது. பெரியப்பாவின் சட்ட மூளை அன்றே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. "சர்வீஸ் சென்டருக்கு இழுத்துட்டுப் போகாத, முதல்ல வீட்டுக்குக் கொண்டு வா" என்றார். சனிக்கிழமை அப்பா சர்வீஸ் சென்டருக்கு ஒரு புகார் எழுதினார், எலெக்ட்ரீஷியன் அஜாக்கிரதையாக வயரைத் தளர விட்டதால்தான் தீப்பிடித்தது என்று. எழுதி முடித்து என்னிடம் நீட்டினார், "நீ பிரஸ்ல இதானே பண்ற, ஒரு தடவை பார்த்துக் குடு" என்று. அதில் இரண்டு எழுத்துப்பிழையும் முடியாத ஒரு வாக்கியமும் இருந்தன. மூன்றையும் திருத்திக் கொடுத்தேன். பதினாறு வருஷமாகப் பிழை திருத்துகிறேன், இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை யாருக்கும் துடைத்துக் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவும் அப்பாவும் காருக்கு அடியில் படுத்து, கருகித் தொங்கிய பட்டையை எல்லாம் பிய்த்தெடுத்தார்கள். திருகு இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்தது. பெரியப்பா நம் குளியலறைச் சோப்பை எடுத்துப் போய், கிள்ளிக் கிள்ளி ஓட்டைக்குள் அடைத்து மேலே கறுப்பு ஷூ பாலிஷ் தடவினார். மிச்சச் சோப்பை, அவர் கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடும் பாலிஷ் கறையோடும், பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். அதை நான் தொடவில்லை. வெறும் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் "அந்தப் போட்டோவை எடுத்துடு" என்று ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி நானே கழற்றினேன்.

சர்வேயர் வயதானவர், சத்தம் போடாதவர். கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அரை மணி நேரம் காரைப் பார்த்தார். "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஏதாவது போட்டிருந்தீங்களா?" என்று கேட்டதற்குப் பெரியப்பா முந்திக்கொண்டு, "கம்பெனியில பொறந்த மேனிக்கு அப்படியே வெச்சிருக்கோம் சார்" என்றார். அப்பா தலையாட்டினார். பிறகுதான் சர்வேயர் என்னிடம் கேட்டார், நான் சர்க்கரையைப் பற்றிப் பேசினேன். டீயைக் குடித்துக்கொண்டே அவர் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார். "அழகுக்குப் பண்றது ஒண்ணும் குத்தம் இல்லம்மா. ஸ்டிக்கரோ வீலோ விளக்கோ, எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டாப் போதும், பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். வாரண்டிக்காரன்கூட விளக்கு போட்டா மொத்த வண்டியையும் கை கழுவ மாட்டான், கை வெச்ச வயருக்கு மட்டும்தான் முடியாதும்பான். மறைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் போகுது." பிறகு சுவரில் வெளுத்துத் தெரிந்த சதுரத்தைப் பார்த்து, "இங்க என்ன இருந்துச்சு?" என்றார். "காலண்டர்" என்றார் அப்பா. எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சர்வேயர் இரண்டையும் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கு அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேரையும் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, அதில் என்னைத்தான் அதிகமாக.

மறுநாள் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "எல்லாரும் பண்றதுதானேம்மா. அந்த அக்காவுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும். நீ பேசாம இரு, அதுதான் உனக்கு நல்லா வருமே." பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், உன்னோடு சேர்ந்தே வளர்ந்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. என்னை இவ்வளவு சரியாக அளந்து வைத்திருக்கிறாய் என்பது அன்றுதான் தெரிந்தது. புத்தகத்தில் யாராவது உண்மையைச் சொல்லத் தயங்கினால் ஓரத்தில் பென்சிலால் கோடு போடுகிறவள் நான்.

புதன்கிழமை வயர் அக்கா பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணையாம், அதற்குப் பிறகு அந்த வேலையே இருக்குமா என்று தெரியாது. சட்டைப்பையில் டெஸ்டர் அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இருபது வருஷம் மேடம், ஒரு வயர் என் கையில தளர்ந்ததில்ல. உங்க வீட்டுக்காரர் கெஞ்சினாரேன்னுதான் எழுதாம விட்டேன். நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? நடந்ததை ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வேற எதுவும் கேக்கல" என்றார். அழுதிருந்தால்கூட ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் அழவில்லை, பதிலுக்காக நின்றார். சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் நடந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன், புகாரைத் திருத்திக் கொடுத்தது நான், படத்தைக் கழற்றியதும் நான் என்பது உட்பட. சாயங்காலம் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். "சொந்த வீட்டையே காட்டிக் குடுக்கிறியா?" என்றார். பெரியப்பா மாடிப்படியிலிருந்து, "நிறையப் படிச்சா இப்படித்தான், மண்டை கழண்டுடும்" என்றார். இன்று காலை சர்வேயருக்கு ஒன்றும் சர்வீஸ் சென்டருக்கு ஒன்றும் அனுப்பிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ அங்கே வாங்கியிருக்கும் பழைய காரின் படம் பார்த்தேன். பச்சை ஸ்டிக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, உனக்கு நிறம் பார்க்கத் தெரியும். ஆனால் உன் இன்சூரன்ஸ்காரருக்கு அதையும் அந்த அகல வீலையும் இந்த வாரமே எழுதிச் சொல்லிவிடு, சொன்னதற்குப் பதில் வாங்கி வைத்துக்கொள். சீட்டுக்கு முழு உறை போட்டிருக்கிறாய், பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் வகையா என்று பார், அப்படியானால் அந்த உறையை இன்றைக்கே கழற்று. ஏதாவது வயரில் கை வைத்திருந்தால் சத்தியமாக எனக்குச் சொல், திட்ட மாட்டேன். வயர் அக்காவுக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும், என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே, நான் திருத்தியும் தர மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்குத் தலையணையை மாற்று. உன் மேல் கோபம் இருக்கிறது, அதைவிடப் பெரிதாக நீ இருக்கிறாய். எங்கே இருந்தாலும் பயமில்லாமல் உண்மை பேசுகிற வாழ்வு உனக்கு அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

எழுதி எட்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன், அதனால் மீதியையும் சேர்க்கிறேன். இன்சூரன்ஸ் பணம் கிடையாது என்று எழுத்தில் வந்துவிட்டது. உருகின வயருக்கு வாரண்டியும் இல்லை. அப்பா என்னோடு இன்னும் பேசவில்லை. வயர் அக்கா செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டார். நீல வெளிச்சத்தில் நாம் நால்வரும் சிரிக்கிற படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டியிருக்கிறேன், யாரும் கழற்றவில்லை.